புது வீட்டில் போன் பாயின்ட் எங்கே? காடி எடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியவை

புது வீடு கட்டுகிறவர்கள் ஃபேன், ஏசி, வாஷிங் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் எலக்ட்ரீஷியனிடம் பாயின்ட் சொல்லிவிடுகிறார்கள். போன் பாயின்ட் என்றால் மட்டும், "இப்ப யாருங்க லேண்ட்லைன் வெச்சிருக்கா? எல்லாம் செல்போன்தானே" என்று கடந்துபோகிறோம். குடிவந்த முதல் வாரத்தில் இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்க ஆள் வருவார். ஜன்னல் ஓரத்தில் டிரில் போட்டு, புதுப் பெயின்ட் மேல் கிளிப் அடித்து, முன்வாசல் பக்கத்திலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

காயல்பட்டினம் மாதிரி ஊரில் இது சின்னப் பிரச்சினை இல்லை. மகளுக்கு வீடு கொடுப்பதும், கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும் இங்கே வழக்கம். ஆண்களில் பலருக்கு வளைகுடா, ஹாங்காங் என்று வெளிநாட்டில் பிழைப்பு. பிள்ளைகள் வாப்பா முகம் பார்ப்பது பெரும்பாலும் வீடியோ காலில்தான். பழைய மனைகளோ அகலம் குறைந்து, நீளமாக ஓடுபவை. முன்வாசல் ஒரு பக்கம், அடுக்களையும் பெண்கள் புழங்கும் பின்கட்டும் இன்னொரு பக்கம். மோடம் முன்வாசலில் இருந்தால், போனைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓட வேண்டியது உம்மாதான்.

காரணம் எளிது. வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் பலம் குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தூரம் போகும், வேகம் குறையும். நாலு சுவர் தாண்டினால் இரண்டுமே திணறும்.

நடுவில் ஒரு பெட்டி

ஆகவே மோடத்துக்கு இடம் வீட்டின் நடுப்பகுதி. வெளியிலிருந்து ஃபைபர் நுழையும் இடத்திலிருந்து அதுவரை தனியாக ஒரு 25 மி.மீ. பைப் போடுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவைத்தால் பின்னால் கேபிள் இழுப்பது சுலபம். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. சட்டென்று மடித்தால் ஒளி கசியும், உடையவும் செய்யும். அதனால் திருப்பங்களில் எல்போ வேண்டாம், அகல வளைவுள்ள பெண்ட் போடச் சொல்லுங்கள். தளத்துக்குள் போகிற பைப் என்றால் கான்கிரீட்டுக்கு முன்பே போட்டாக வேண்டும்.

நடுப்பெட்டியிலிருந்து ஒவ்வொரு முக்கிய அறைக்கும் ஒரு கேட்-6 ஒயர். பழைய லேண்ட்லைன் ஜாக்குகளை ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலி மாதிரி இணைத்தார்கள். இது அப்படி இல்லை, ஒவ்வொரு ஒயரும் பெட்டிக்கே நேராக வர வேண்டும். லேண்ட்லைனுக்குத் தேவை இரண்டு கம்பி, கேட்-6 ஒயரில் இருப்பது எட்டு. எனவே போனுக்கென்று தனி ஒயர் வாங்க வேண்டியதில்லை. 230 வோல்ட் கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் இதைச் சேர்த்து இழுக்கக் கூடாது. இரைச்சல் ஒருபுறம் இருக்கட்டும், அது ஆபத்து.

ஒயர் வாங்கும்போது ஒரு நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவுதான், ஆனால் உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்தில் அதை நம்ப முடியாது.

எவ்வளவு உயரம்?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை சுமார் 95 செ.மீ. பல ஊர்களில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் அளவு அது. தூத்துக்குடி மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது. கரண்டும் போன் தொடர்பும் பல இடங்களில் அறுந்துபோயின. உறவினர்கள் வெளிநாட்டிலிருந்து விடாமல் டயல் செய்துகொண்டிருந்தார்கள்.

தரையிலிருந்து ஒரு அடியில் பாயின்ட் வைக்கும் வழக்கத்தை இங்கே விட்டுவிடலாம். அக்கம்பக்கத்துச் சுவர்களில் அன்று தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். பெட்டி அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே இருக்கட்டும். இரும்பு பீரோவுக்குள் ஒளித்து வைக்காதீர்கள், சிக்னல் வெளியே வராது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பழைய செம்புக் கம்பி போன் கரண்ட் போனாலும் அடிக்கும், ஏனென்றால் எக்ஸ்சேஞ்சே அதே கம்பியில் சுமார் 48 வோல்ட் அனுப்பும். ஃபைபரில் மின்சாரம் வராது. அதே நம்பரை ஃபைபருக்கு மாற்றியிருந்தாலும், வீட்டில் கரண்ட் போனால் மோடம் அணையும், போனும் ஊமையாகும். அதனால் பெட்டிக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர் லைனில் இரண்டு பிளக் பாயின்ட் கட்டாயம். மோடம் இழுப்பது ஒரு சின்ன எல்இடி பல்பு அளவு மின்சாரம்தான். வெளியே கேபிளே அறுந்தால் எந்த இன்வெர்ட்டரும் உதவாது, அது வேறு கதை.

பூச்சு வேலைக்கு முந்தின நாள், பைப் போன எல்லாச் சுவர்களையும் அளவு டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவையுங்கள். அடுத்த வருஷம் கடிகாரம் மாட்ட ஆணி அடிக்கும்போது தேடுவீர்கள்.