ஜெலுத்தோங் புலியும் ஒரு சக்கர நாற்காலியும்

மலேசிய நாடாளுமன்றத்தில் ஒருமுறை அமைச்சர் சாமிவேலு தம்மைச் சிங்கம் என்று சொல்லிக்கொண்டார். எதிர்வரிசையில் இருந்த பினாங்கு வழக்கறிஞர் சும்மா விடவில்லை. சிங்கமாக நீங்களே இருந்துகொள்ளுங்கள், நம் நாட்டுக் காட்டில் சிங்கம் கிடையாது, புலிதான் உண்டு, அந்தப் புலி நான் என்றார். அவருடைய தொகுதி ஜெலுத்தோங். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் கடைசிவரை உதிரவில்லை. ஜெலுத்தோங் புலி என்றால் ஜார்ஜ்டவுன் காப்பிக்கடைகளில் இன்றைக்கும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

கர்ப்பால் சிங் என்ற அந்தப் புலியின் கர்ஜனையைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. நியூசிலாந்துப் பத்திரிகையாளர் டிம் டோனகியூ அவர் வாழ்க்கையை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். நீதிமன்றத்துக்கு வெளியே அவர் ஒரு கணவர், ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன். வாழ்க்கையின் கடைசி ஒன்பது ஆண்டுகள் பிறர் கை இல்லாமல் நாற்காலியை விட்டு எழ முடியாத மனிதர். அந்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றிப் பேசாமல் அவரை நினைவுகூர்வது பாதி மனிதரை நினைவுகூர்வதுதான்.

1940 ஜூன் 28-ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் பிறந்தார். பஞ்சாபிலிருந்து பிழைக்க வந்த அப்பா ராம் சிங் காவல்காரர், மாடும் வளர்த்தார். ஜெகா வேலை என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வேலை. மகன் செயிண்ட் சேவியர் பள்ளியில் படித்தார், சிங்கப்பூரில் சட்டம் முடித்தார், 1969-இல் வழக்கறிஞரானார். மறு ஆண்டு குர்மிட் கவுரை மணந்தார். நான்கு ஆண்பிள்ளைகள், ஒரு பெண். அவர்களில் நால்வர் அப்பாவின் தொழிலுக்கே வந்தார்கள். வற்புறுத்தி இழுத்தால் ஒரு பிள்ளை வரலாம். நான்கு பிள்ளைகள் தாமாகவே அதே கறுப்பு அங்கியை எடுத்து மாட்டுகிறார்கள் என்றால், சாப்பாட்டு மேசையில் அந்தத் தொழில் எவ்வளவு மரியாதையாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்!

காத்திருக்கும் பாடத்தை இந்தக் குடும்பம், அவரை நாற்காலியில் உட்காரவைத்த விபத்துக்கு வெகு காலம் முன்பே படித்துவிட்டது.

1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அரசாங்கம் பிடித்து உள்ளே வைத்தது. அப்போது நடப்பில் இருந்த, இசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணை கிடையாது, ஜாமீன் கிடையாது. கர்ப்பாலும் உள்ளே போனார். வீட்டில் மூத்தவன் ஜெக்டீப்புக்கு அப்போது பதினாறு வயது, கோபிந்துக்குப் பதினான்கு. 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெளியே வந்த சில மணி நேரத்துக்குள் மறுபடி கைது. வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு நாள் எப்படி இருந்திருக்கும்? வருகிறார் என்ற செய்தியும் வரவில்லை என்ற செய்தியும் ஒரே நாளில் வந்தன. 1989 ஜனவரியில்தான் கமுந்திங் தடுப்பு முகாமின் கதவு அவருக்கு உண்மையாகத் திறந்தது.

அதே காலத்தில் அவருடைய வழக்குக் கட்சிக்காரர் ஒருவரும் தூக்குமேடை நிழலில் காத்துக் கிடந்தார். நியூசிலாந்தைச் சேர்ந்த லொரேன் கோஹன். 1985-இல் பினாங்கு விமான நிலையத்தில் மகனோடு ஹெராயின் வழக்கில் பிடிபட்டவர். அன்றைய மலேசியச் சட்டப்படி 15 கிராம் ஹெராயினே கடத்தல் குற்றமாகிக் கட்டாய மரண தண்டனையைக் கொண்டுவந்தது. அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டது 140 கிராம். 1987 செப்டம்பரில் பினாங்கு உயர்நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அடுத்த மாதமே அவருடைய வழக்கறிஞர் கம்பிக்குப் பின்னால்! வக்கீல் வெளியே வந்த பிறகு, 1989-இல், மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. பின்னாளில் மன்னிப்புப் பெற்று அவர் நாடு திரும்பினார். இப்படித் தூக்குக் கயிற்றின் முன் நின்ற பலருக்காகக் கர்ப்பால் வாதாடியிருக்கிறார். எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்திரேலியரான கெவின் பார்லோ 1986 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். தோற்ற பிறகும் அடுத்த கோப்பைத் திறக்கிற பழக்கம் அப்படித்தான் அவருக்கு வந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம்தான் பின்னால் அவர் உடம்புக்கும் கைகொடுத்தது.

2005 ஜனவரி 28. பினாங்கில் அவர் உட்கார்ந்திருந்த டாக்சியைப் பின்னாலிருந்து ஒரு கார் மோதியது. அப்போது அவருக்கு வயது 64. உயிர் தப்பியது, நடை போனது. வலக்கையின் நரம்பும் தசையும் பாதிக்கப்பட்டன. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக எழுந்து நின்று, கையை நீட்டி, குரலை உயர்த்திப் பழகிய ஒருவருக்கு எழுவதும் கை நீட்டுவதும் ஒரே நொடியில் இல்லாமல் போயின. குரல் மட்டும் மிச்சம் இருந்தது.

சக்கர நாற்காலி வாழ்க்கை என்றால் நடக்க முடியாதது ஒன்றுதான் குறை என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அந்த வீடுகளில் இருப்பவர்களுக்குத்தான் மிச்சம் தெரியும். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும். அதனால்தான் உட்கார்ந்திருக்கும்போது அரைமணிக்கு ஒருமுறையாவது உடம்பின் பாரத்தை மாற்றச் சொல்கிறார்கள். இரவில் தாமாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். அசையாத கால்களில் ரத்தம் உறையலாம். அசையாத மூட்டு இறுகிப்போகும், அதைத் தினமும் யாராவது மடக்கி நீட்டிவிட வேண்டும். தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பையும் தன் சொல் கேட்காது. தொற்று அடிக்கடி வரும். உலகில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் தண்டுவடப் பாதிப்போடு வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. விழுவதும் சாலை விபத்தும்தான் முக்கியக் காரணங்கள்.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய பாதிப்பில் தேறுதல் பெரும்பாலும் முதல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் வரும். அதற்குப் பிறகு வருவது சிறுகச் சிறுக. முதல் வருடம் முழுக்க உறவினர்கள் வருவார்கள், பழம் வாங்கி வருவார்கள், கோயிலிலும் குருத்வாராவிலும் பிரார்த்தனை நடக்கும். மூன்றாம் வருடம் வாசல் அமைதியாகிவிடும். நம்பிக்கைக்கு உண்மையான சோதனை அந்த மூன்றாம் வருடத்தில்தான். எழுந்து நடந்துவிடுவேன் என்ற நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் அங்கே உடைந்துபோவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். நாளைக்கு ஒரு வேலை இருக்கிறது என்ற நம்பிக்கை வேறு ரகம். அதற்கு மருத்துவ அறிக்கை தேவையில்லை.

கர்ப்பாலுக்கு அந்த மூன்றாம் வருடம் முடிந்த கையோடு வந்தது 2008. அந்த மார்ச்சில் பொதுத் தேர்தல். புக்கிட் குளுகோர் நாடாளுமன்றத் தொகுதியில் நாற்காலியில் இருந்தபடியே நின்று வென்றார். கோபிந்த் பூச்சோங்கில் வென்று அப்பாவோடு நாடாளுமன்றத்துக்குள் போனார். ஜெக்டீப் டத்தோ கெராமாட் தொகுதியில் வென்று பினாங்குச் சட்டமன்றத்துக்குப் போனார். தகப்பன் நடக்க முடியாமல் ஆன பிறகு பிள்ளைகள் அவர் முன்னே நடந்தார்கள். அவரும் பின்தங்கிவிடவில்லை. ஜனநாயக செயல் கட்சியின் தேசியத் தலைவர் பொறுப்பு, நாடாளுமன்றம், கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையே ஓயாத நெடுஞ்சாலைப் பயணம், இதற்கிடையில் நாடே கவனித்த, அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிம் மீதான வழக்கில் தலைமை வழக்கறிஞர். 2012 ஜனவரி 9-ஆம் தேதி உயர்நீதிமன்றம் அன்வாரை விடுவித்தபோது அந்த வழக்கறிஞர் குழுவில் மகன் ராம்கர்ப்பாலும் மகள் சங்கீத் கவுரும் இருந்தார்கள். வலக்கை வழங்காத வக்கீலுக்குப் பக்கத்திலேயே இரண்டு பிள்ளைகள்.

நாற்காலியில் இருப்பவரென்று அரசியல் அவருக்குச் சலுகை காட்டவில்லை. 2009 பிப்ரவரியில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே ஒரு கூட்டம் அவரைச் சூழ்ந்து வழிமறித்தது. பேராக் மாநில ஆட்சி மாற்றத்தின்போது சட்டத்தைப் பற்றி அவர் சொன்ன கருத்துக்காகத் தேச நிந்தனை வழக்கு தொடரப்பட்டது. விடுதலை, மறுபடி விசாரணை, மறுபடி நீதிமன்றம் என்று ஐந்து வருடம் இழுத்தது. 2013 தேர்தலில் மக்கள் அவரை 40,000-ஐத் தாண்டிய பெரும்பான்மையில் வெல்லவைத்தார்கள்.

2014 மார்ச் மாதத்தை நினைத்தால் மனசு கனக்கிறது. 7-ஆம் தேதி, அன்வாரின் விடுதலையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. நான்கே நாளில், 11-ஆம் தேதி, தேச நிந்தனை வழக்கில் கர்ப்பாலுக்கு 4,000 ரிங்கிட் அபராதம். தொகை சிறியது. ஆனால் 2,000 ரிங்கிட் அபராதமே நாடாளுமன்றப் பதவியைப் பறிக்கப் போதும். மேல்முறையீடு செய்தார், கட்சித் தலைவர் பொறுப்பை விட்டு விலகினார். வயது 73. ஓய்வெடுத்துக்கொள்ள இதைவிட நியாயமான காரணம் யாருக்கும் கிடைக்காது. அவர் டைரியிலோ அடுத்த மாதத்து வழக்குகள் இருந்தன.

ஏப்ரல் 16 இரவு கோலாலம்பூர்ப் பக்கமிருந்து பினாங்குக்குக் கிளம்பினார். மறுநாள் காலை அங்கே நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும். உடம்பு ஒத்துழைக்கிறவர்கள்கூட ராத்திரிப் பயணத்தைத் தவிர்ப்பார்கள். காலை ஒன்பது மணிக்கு நாற்காலி நீதிபதி முன்னால் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 17-ஆம் தேதி அதிகாலை ஒரு மணியைக் கடந்த சற்று நேரத்தில், பேராக்கில் குவா தெம்புருங் அருகே, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் அவர் வண்டி ஒரு லாரியோடு மோதியது. கர்ப்பாலும், நிழல்போலக் கூடவே இருந்து அவரைத் தூக்கி உட்காரவைத்து வந்த நெடுநாள் உதவியாளரும் அங்கேயே இறந்தார்கள். அதே வண்டியில் இருந்த ராம்கர்ப்பால் சிறு காயங்களோடு தப்பினார்.

அந்த உதவியாளரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நீண்ட நாள் படுத்தவரையும் முடங்கியவரையும் பார்த்துக்கொள்ளும் கைகளுக்கு எந்தச் சாலையிலும் பெயர்ப்பலகை வைப்பதில்லை. அந்த ஒன்பது ஆண்டுகளில் கர்ப்பால் வாதாடிய ஒவ்வொரு வழக்குக்கும் முன்னால், அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, வண்டியில் ஏற்றி இறக்கிய யாரோ ஒருவரின் காலைப்பொழுது இருக்கிறது.

ஏப்ரல் 20 ஞாயிற்றுக்கிழமை பினாங்கு அவருக்கு மாநில மரியாதையோடு விடைகொடுத்தது. இறுதி ஊர்வலம் உயர்நீதிமன்றத்தின் முன்னால் நின்றது. படித்த செயிண்ட் சேவியர் பள்ளியின் முன்னாலும் நின்றது. சீனர், மலாய்க்காரர், தமிழர், சீக்கியர் என்று தெருவோரம் நிறைந்து நின்ற கூட்டத்தைத் தாண்டி பத்து கந்தோங் மின்சுடலைக்குப் போனது. பிறகு ஜெலுத்தோங் கடலோரச் சாலை ஒன்றுக்குக் கர்ப்பால் சிங் பெயர் வைத்தார்கள். மாலையில் காற்று வாங்கப் போகிறவர்களும் கடலோரம் ஓடப் போகிறவர்களும் அந்தப் பெயரைத் தினமும் சொல்கிறார்கள்.

குடும்பத்தார் அவருடைய கோப்பை மூடிவிடவில்லை. இறந்தவர் மேல் இருந்த தேச நிந்தனைத் தீர்ப்பை எதிர்த்துப் பிள்ளைகள் தொடர்ந்து வாதாடினார்கள். 2016-இல் அபராதம் 1,800 ரிங்கிட்டாகக் குறைந்தது. அதோடு விட்டிருக்கலாம், இனி அவருக்குப் பதவியும் இல்லை, இழப்பும் இல்லை. விடவில்லை. 2019 மார்ச் 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அப்போது அவர் போய் ஐந்து வருடம் ஆகப்போகிறது.

அப்பா விட்டுப்போன புக்கிட் குளுகோர் தொகுதியில் 2014 மே மாத இடைத்தேர்தலில் வென்றவர் ராம்கர்ப்பால். பின்னர் சட்டத்துறைத் துணை அமைச்சரானார். 2023 ஏப்ரல் 3-ஆம் தேதி, கட்டாய மரண தண்டனையை நீக்கும் மசோதா மக்களவையில் விவாதத்துக்கு வந்தது. தண்டனையைத் தீர்மானிக்கும் உரிமையை நீதிபதியிடம் திருப்பிக் கொடுக்கிற சட்டம் அது. 1,300-க்கும் மேற்பட்ட கைதிகளுக்குத் தங்கள் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் வாய்ப்பு அதையொட்டிக் கிடைத்தது. விவாதத்தை முடித்துவைத்து அரசின் சார்பில் எழுந்து பேசியவர் ராம்கர்ப்பால். மரண தண்டனை எதைச் சாதிக்கக் கொண்டுவரப்பட்டதோ அதைச் சாதிக்கவில்லை என்றார். மசோதா நிறைவேறியது. அவ்வாண்டு ஜூலை 4 முதல் சட்டம் நடப்புக்கு வந்தது.