எந்தக் குரல் நல்ல குரல்?

நாம் அன்றாடம் கேட்கும் குரல்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. தாயின் குரலும், ஆசிரியரின் குரலும், அண்டை வீட்டாரின் குரலும், பேருந்து நடத்துநரின் குரலும் தாமாகவே நம் செவியை வந்தடைகின்றன. ஆனால் இன்று நம்மிடையே வாழும் பார்வையற்றோர் பலர் ஒரு குரலைத் தாமே தேர்ந்தெடுத்து, அதனோடு நாள்தோறும் பல மணி நேரம் வாழவேண்டியவராய் இருக்கின்றனர். அக்குரல் மனிதருடையதன்று, கணிப்பொறியினுடையது. கடிதமும், செய்தித்தாளும், பாடநூலும், வங்கிக் கணக்கும் அதன் வாயிலாகவே அவர்களுக்குக் கிட்டுகின்றன.

அக்குரலைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? தேர்ந்தெடுக்க வேண்டியவர் யார்? கேட்பதற்கு இது சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆயினும் ஒரு மாணவனின் கல்வியும், ஒரு குடும்பத் தலைவரின் வேலையும், முதுமையில் பார்வை குன்றிய ஒரு தாயின் தன்னம்பிக்கையும் இதனைப் பொறுத்து அமையக்கூடும். ஆதலின் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

திரை வாசிப்பான் என்பது யாது?

கணிப்பொறியின் திரையில் அல்லது கைபேசியின் திரையில் என்ன இருக்கின்றது என்பதை அறிந்து, அதனைப் பேச்சாக எடுத்துரைக்கும் மென்பொருளே திரை வாசிப்பான். இதனை ஸ்கிரீன் ரீடர் என்றும் கூறுவர். இதில் இரு பகுதிகள் உள. திரையில் உள்ள எழுத்தையும், பொத்தானையும், பட்டியலையும் கண்டறிவது ஒன்று. கண்டறிந்ததை ஒலியாக்குவது மற்றொன்று. முன்னதைக் கண் என்றும், பின்னதை வாய் என்றும் கொள்வோமாக. கண்ணை மாற்றாமல் வாயை மட்டும் மாற்றிக்கொள்ள இயலும். குரல் தேர்வு என்று நாம் கூறுவது இதனையே.

இவ்வசதி ஒரே நாளில் வந்ததன்று. அச்சிட்ட நூலை உரக்கப் படிக்கும் பொறியொன்றை அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் என்பவர் 1976-இல் வெளியிட்டார். பார்வையற்ற பாடகரான ஸ்டீவி வொண்டரே அதனை முதலில் வாங்கியவர். 1978-இல் சாலை விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டர் என்னும் பொறியாளரின் நிறுவனம் 1989-இல் ‘ஜாஸ்’ என்னும் திரை வாசிப்பானை வெளியிட்டது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்ற இளைஞர் ‘என்.வி.டி.ஏ.’ என்னும் திரை வாசிப்பானை உருவாக்கத் தொடங்கினார். அது இன்றும் விலையின்றிக் கிடைக்கின்றது. 2009-இல் ஐபோனில் ‘வாய்ஸ்ஓவர்’ இடம்பெற்றது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு ‘டாக்பேக்’ வந்தது. இவற்றுள் முதன்மையான இரண்டு பார்வையற்றோரின் உழைப்பாலேயே பிறந்தன என்பது குறிப்பிடத்தக்கது. தமக்கு வேண்டுவது யாது என்பதை அவர்களே நன்கு அறிந்திருந்தனர்.

மூவகைக் குரல்கள்

கணிப்பொறிக் குரல்களைப் பொதுவாக மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, மனிதர் பேசிய சொற்களைத் துண்டாக்கி ஒட்டாமல், பேச்சொலியின் அதிர்வுகளைக் கணக்கிட்டே ஒலியை உண்டாக்குவது. இத்துறையில் பெரும்பணி ஆற்றியவர் அமெரிக்க அறிஞர் டென்னிஸ் கிளாட். தம் குரலையே அளந்து ஆய்ந்து, அதன் அடிப்படையில் ஒரு பொறிக்குரலை அவர் அமைத்தார். இவ்வகையைச் சேர்ந்ததே ‘ஈஸ்பீக்’. இங்கிலாந்தின் ஜொனதன் டடிங்டன் 1995-இல் தொடங்கிய இது, இன்று தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசுகின்றது. என்.வி.டி.ஏ.-யுடன் சேர்ந்தே வருகின்றது. மிகச் சிறிய இடமே இதற்குப் போதும். முதன்முறை கேட்பவருக்கோ இது தகரப் பெட்டிக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும்.

இரண்டாம் வகை, ஒருவரைப் பல மணி நேரம் படிக்கச் செய்து, அப்பதிவைச் சிறு துண்டுகளாக்கி, வேண்டியபோது கோத்துத் தருவது. இது மனிதக் குரலை ஒத்திருக்கும்; ஆனால் ஒட்டுப் போட்ட இடம் சில வேளைகளில் செவிக்குத் தட்டுப்படும்.

மூன்றாம் வகை, மனிதப் பேச்சைப் பேரளவில் கேட்டுப் பயின்ற கணிப்பொறி, தானே புதிதாகப் பேசுவது. 2016-இல் ‘வேவ்நெட்’ என்னும் ஆய்வு வெளியான பின்னர் இது விரைந்து வளர்ந்தது. மனிதர் பேசுகின்றனரா, பொறி பேசுகின்றதா என்று ஐயுறும் அளவிற்கு இக்குரல்கள் இயல்பாக உள்ளன.

தமிழுக்கும் இன்று குரல்கள் பல உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஹேமா மூர்த்தி அவர்களின் ஒருங்கிணைப்பில் பல கல்வி நிறுவனங்கள் கூடித் தமிழ் முதலிய இந்திய மொழிகளுக்குக் குரல்களை அமைத்தன. விண்டோஸ் கணிப்பொறியில் ‘வள்ளுவர்’ என்னும் ஆண் குரலும், ஐபோனில் ‘வாணி’ என்னும் பெண் குரலும் உள்ளன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இணைய வழியாக வழங்கும் குரல்களில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர். இலங்கைத் தமிழுக்குச் சரண்யா, குமார். மலேசியத் தமிழுக்குக் கனி, சூர்யா. சிங்கப்பூர்த் தமிழுக்கு வெண்பா, அன்பு எனப் பெயரிட்டுள்ளனர்.

இனிமை வேறு, பயன் வேறு

மனிதக் குரலைப் போன்றதே சிறந்தது என்று பார்வையுள்ள நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகின்றோம். ஆனால் பல ஆண்டுகள் திரை வாசிப்பானைப் பயன்படுத்திப் பழகியோர் பலர் தகரக் குரல் என்று நாம் ஒதுக்கும் முதல் வகையையே விரும்பிக் கேட்கின்றனர். காரணம் யாது?

முதலாவது, வேகம். பார்வையுள்ளவர் ஒரு பக்கத்தைக் கண்டவுடன் தலைப்பை நோக்கி, வேண்டாததைத் தாண்டி, வேண்டியதில் நிலைகொள்கின்றார். செவியால் படிப்பவரோ ஒவ்வொன்றையும் கேட்டே கடக்க வேண்டும். ஆகவே அவர் விரைந்து கேட்கப் பழகுகின்றார். ஆங்கிலத்தில் ஒருவர் உரக்கப் படிப்பது நிமிடத்திற்கு ஏறத்தாழ 150 சொற்கள் எனலாம். பழகிய செவியினர் 400 சொற்களையும் அதற்கு மேலும் கேட்டுப் புரிந்துகொள்கின்றனர். அத்தகைய வேகத்தில் இயல்பான குரல்கள் குழைந்து போவதுண்டு. கணக்கிட்டு அமைத்த குரலோ எழுத்துக்கு எழுத்து தெளிவாக நிற்கும்.

இரண்டாவது, உடனடி விடை. பொத்தானை அழுத்திய அக்கணமே குரல் எழ வேண்டும். கால் நொடி தாமதமும் ஒரு நாளில் ஆயிரம் முறை நேரின் பெருஞ்சுமையாகும். தட்டச்சு செய்வோர்க்கு இது மிகவும் இன்றியமையாதது.

மூன்றாவது, மாறாமை. முதல் வகைக் குரல் ஒரு சொல்லை எங்கு வந்தாலும் ஏறக்குறைய ஒரே விதமாக ஒலிக்கும். ஆதலின் எழுத்துப்பிழை நேர்ந்தால் பழகிய செவி உடனே கண்டுகொள்ளும்.

1990-களில் அமெரிக்காவில் உருவான ‘எலோக்வென்ஸ்’ என்னும் பழைய குரலை ஆப்பிள் நிறுவனம் 2022-இல் தன் கைபேசிகளில் சேர்த்தது. புதிய குரல்கள் மலிந்த காலத்தில் பழையது மீண்டும் இடம்பெற்றதற்குப் பார்வையற்றோரிடையே அதற்கிருந்த விருப்பமே காரணம். எனினும் அது தமிழ் பேசாது.

குரலுக்கும் மனிதருக்கும் உள்ள உறவிற்கு மற்றொரு சான்றும் உண்டு. அறிவியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் பார்வையற்றவர் அல்லர். 1985-இல் செய்த அறுவைச் சிகிச்சையால் பேச்சை இழந்தவர். டென்னிஸ் கிளாட்டின் ஆய்விலிருந்து பிறந்த பொறிக்குரலாலேயே பின்னர்ப் பேசினார். மேலும் இனிய குரல்கள் பிற்காலத்தில் கிடைத்தபோதும், 2018-இல் மறையும் வரை அதனை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அது தம் குரலாகவே ஆகிவிட்டது என்று கருதினார். பழகிய குரலை ஒருவரிடமிருந்து பறிப்பது எளிய செயலன்று என்பதை இது காட்டுகின்றதன்றோ?

தமிழுக்கே உரிய சிக்கல்கள்

நம் மொழியில் ஓரெழுத்து இடத்திற்கேற்பப் பல ஒலிகளைப் பெறும். பக்கம், பங்கு, பகல் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கின்றது. இதற்கு விதி உண்டு; பொறி அதனைக் கற்றுக்கொள்ளும். ஆனால் பிறமொழியிலிருந்து வந்த சொற்களில் விதி பொய்த்துப்போகும். ‘பாவம்’ என்பது தீவினையையும் குறிக்கும், நடிகரின் முகக்குறிப்பையும் குறிக்கும். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ‘பந்தம்’ என்பது தீப்பந்தமும் ஆகும், உறவும் ஆகும். பொருளறிந்து படிக்கும் நமக்கு இடரில்லை, பொறி தடுமாறக்கூடும். ஆட்பெயர்களிலும் ஊர்ப்பெயர்களிலும் இத்தடுமாற்றம் மிகுதி.

இதனினும் பெரிது எழுத்துக் கல்வி. வலி, வழி, வளி ஆகிய மூன்றையும் ஒன்றுபோல ஒலிக்கும் குரலைக் கேட்டு வளரும் மாணவன் மூன்றையும் ஒன்றுபோலவே எழுதுவான். தேர்வில் மதிப்பெண் குறையும்போது குறை அவன்மீது சுமத்தப்படும். லகர, ளகர, ழகரங்களைத் தெளிவாகப் பிரித்தொலிக்கும் குரலையே அவனுக்குத் தேடித் தருதல் வேண்டும். ரகர, றகரங்களும், நகர, னகரங்களும் நம் பேச்சிலேயே பெரும்பாலும் வேறுபடாமையால், எந்தக் குரலாலும் அவற்றை முற்றிலும் உணர்த்த முடியாது. ஆகவே பிரெயில் எழுத்தைக் கைவிடலாகாது. செவி பொருளைத் தரும். விரல் எழுத்தைத் தரும்.

இன்னொன்று: தமிழ்க் கட்டுரையின் நடுவே ஆங்கிலச் சொல் வந்தால் சில குரல்கள் அதனை விழுங்கிவிடும், சில எழுத்தெழுத்தாகக் கூறும். பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த தமிழையோ, படமாக எடுத்த பக்கத்தையோ எந்தக் குரலும் நேரடியாகப் படிக்க இயலாது. ஒருங்குறி எழுத்தில் இருந்தால் மட்டுமே ஒழுங்காகப் படிக்கும். அங்கே குரலைக் குறைகூறிப் பயனில்லை.

யாருக்கு எது பொருந்தும்?

பிறவியிலோ இளமையிலோ பார்வை இழந்து, செவியால் கற்றுப் பழகிய மாணவருக்கும், அலுவலகத்தில் பணிபுரிவோருக்கும் விரைந்து விடைதரும் தெளிவான குரல் பொருந்தும். நடுவயதில் பார்வை இழந்து இப்போதுதான் கற்கத் தொடங்குபவருக்கு இயல்பான குரலும் மெதுவான வேகமும் அச்சத்தைப் போக்கும். முதுமையில் செவி மங்கும்போது உயர்ந்த ஒலிகளே முதலில் மறைவது வழக்கம். ஆதலின் பெரியோர்க்குச் சற்றுத் தாழ்ந்த குரல் நன்கு கேட்கும். ஒருவரே இரு குரல்களை வைத்துக்கொள்வதும் உண்டு: வேலைக்கு ஒன்று, நெடுங்கதை படிக்க இனியது மற்றொன்று.

தேர்ந்தெடுக்கும் முறை

1. விளம்பரத்திற்காகப் படித்துக் காட்டும் வாக்கியத்தை நம்பாமல், தாம் நாள்தோறும் படிக்கும் பாடநூலையும் கடிதத்தையும் படிக்கச் செய்து கேட்க வேண்டும்.

2. வலி, வழி, வளி, பாவம், பந்தம், வீட்டார் பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றைச் சொல்லச் செய்து பார்க்க வேண்டும்.

3. 1,50,000 என்னும் தொகையையும், ஒரு தேதியையும், ஒரு தொலைபேசி எண்ணையும் எவ்வாறு படிக்கின்றது என்று நோக்க வேண்டும். பணத்தில் ஒரு சுழி தவறினாலும் இழப்பு பெரிது.

4. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, எங்கே தெளிவு குன்றுகின்றது என்று அறிய வேண்டும்.

5. இணைய இணைப்பைத் துண்டித்துப் பார்க்க வேண்டும். இணையமின்றிப் பேசாத குரல், மின்சாரமும் இணைப்பும் தடைப்படும் சிற்றூரில் கைவிட்டுவிடும். அன்றியும், அத்தகைய குரல் நாம் படிக்கும் எழுத்தை வெளியிடத்திலுள்ள கணிப்பொறிக்கு அனுப்பியே ஒலியாக்குகின்றது. மருத்துவ அறிக்கையையும் வங்கிக் கணக்கையும் படிக்க, கருவிக்குள்ளேயே இயங்கும் குரலே ஏற்றது.

6. ஒரே நாளில் முடிவு செய்யலாகாது. முதல் நாள் கரடுமுரடாகத் தோன்றிய குரல் இரு வாரங்களில் பழகிவிடும். முதல் நாள் தேனாய் இனித்தது பின்னர்ச் சலிப்பூட்டுவதும் உண்டு.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

பார்வையற்ற மகனுக்கோ மகளுக்கோ கணிப்பொறி வாங்கித் தரும் பெற்றோர், தம் செவிக்கு இனிய குரலைத் தாமே அமைத்துக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணுதல் இயல்பு. “இது என்ன, பேய் பேசுவது போல!” என்று பிள்ளை விரும்பிய குரலை மாற்றச் சொல்வதும் உண்டு. அன்பினால் செய்வதே எனினும், அது தவறு. நம் கண்ணாடி நம் கண்ணுக்குப் பொருந்த வேண்டுமேயன்றிப் பிறர் கண்ணுக்கன்று. அவ்வாறே இதுவும்.

வீட்டில் பிறர்க்கு இடையூறு நேர்ந்தால் செவிக்கருவி ஒன்றை வாங்கித் தரலாம். பிள்ளை கேட்கும் வேகம் நமக்கு விளங்காவிடினும் அதனைக் குறைக்கச் சொல்லலாகாது. அவ்வேகமே வகுப்பில் பிறரோடு அவனைச் சமமாக நிறுத்துவது. நாம் செய்யத்தக்க உதவி, கிடைக்கும் குரல்கள் அனைத்தையும் அவன்முன் வைத்து, அவற்றை நிறுவித் தந்து, அவன் சொல்லும் முடிவுக்குப் பொறுமையோடு காத்திருப்பதே. பிறர் படித்துக் காட்டுவதற்காகக் காத்திருந்தவன், இனித் தானே படிக்கத் தொடங்குகின்றான். அவன் முதலில் எடுக்கும் முடிவு எந்தக் குரலில் படிப்பது என்பது. அம்முடிவை அவனிடமே விட்டுவிடுவோமாக.