நெல்லுக்குக் கள்ளச்சாவி போடும் திருடன்!

பூட்டின வீட்டுக்குள்ள நுழையணும்னா திருடனுக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு, கதவை உடைக்கணும். இல்லைன்னா, கள்ளச்சாவி போடணும். ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ற ஒரு பலே கில்லாடி நம்ம நெல் வயல்ல இருக்கார் ஃப்ரெண்ட்ஸ்!

பேரு, மேக்னபோர்த்தே ஒரைசே. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை. இவர் கொண்டு வர்ற வியாதிக்குப் பேர் குலைநோய். இலையில ரெண்டு முனையும் கூரா, நடுவுல சாம்பல், ஓரத்துல பழுப்புன்னு கண் வடிவத்துல புள்ளி விழுந்தா, ஐயா வந்துட்டார்னு அர்த்தம். கதிரோட கழுத்தைப் பிடிச்சுட்டா இன்னும் மோசம். பால் ஏறாமல் மணி பதராகி, கதிர் ஒடிஞ்சு தொங்கும். கடன் வாங்கிப் போட்ட உரம், ஆள் கூலி எல்லாம் அறுவடைக்குப் பக்கத்துல வந்து காலி!

இந்தியாவுல இந்த நோய் பதிவானது 1913-ல். 1919-ல் தஞ்சை டெல்டாவையே ஒரு கலக்கு கலக்கியது.

குக்கரை மிஞ்சும் பிரஷர்

நெல் இலை ஒண்ணும் ஏமாளி இல்லை. மேலே மெழுகு, அதோட க்யூட்டின்னு ஒரு பாலிமர் கோட்டிங். அடுத்து செல்லுலோஸ் சுவர். ராத்திரி பனி ஈரத்துல பூஞ்சையோட வித்து இலையில விழுந்து, தன்னோட சொந்தப் பசையால ஒட்டிக்குது. சில மணி நேரத்துல குமிழ் மாதிரி ஒரு செல் உருவாகுது. பூஞ்சையோட என்சைம்கள் சேமிச்சு வெச்ச கொழுப்பையும் சர்க்கரையையும் உடைக்க, அதுலேர்ந்து கிளிசரால் தயாராகுது. அது வெளியில இருக்கிற தண்ணியை உள்ளே இழுக்குது. குமிழைச் சுத்தி மெலனின் பூச்சு இருக்கறதால கிளிசரால் கசியாது. ப்ளஸ் டூவுல படிச்ச ஆஸ்மாசிஸ்தான்!

உள்ளே ஏறுற அழுத்தம் 80 அட்மாஸ்ஃபியர் வரைக்கும் போகும். வீட்டு பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது இருக்கிற கூடுதல் அழுத்தமே சுமார் 1 அட்மாஸ்ஃபியர்தான். இத்தனை பிரஷரும் ஊசி மாதிரி ஒரு முனை வழியா இலைக்குள்ள இறங்குது. மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க!

சாவிக்கொத்து

பலம் மட்டும் போதுமா? ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு என்சைம் வெச்சிருக்கார். க்யூட்டினைக் கரைக்க க்யூட்டினேஸ், செல்சுவருக்கு செல்லுலேஸ், சைலனேஸ். பூஞ்சைகள்கிட்ட இப்படி க்யூட்டினேஸ் இருக்குன்னு 1970-களில் பட்டாணிச் செடியைத் தாக்கும் பூஞ்சையை வெச்சுக் காட்டினவர், கேரளாவுல பிறந்து அமெரிக்காவுல ஆராய்ச்சி செஞ்ச கொலாட்டுக்குடி.

சரி, அந்த என்சைமை முடக்கிட்டா முடிஞ்சதா? அங்கேதான் சிக்கல். ஒரே வேலைக்குப் பல என்சைம்கள் ஸ்பேர் சாவி மாதிரி இருக்கு. ஒண்ணைப் பிடுங்கினா, இன்னொண்ணு வேலை செய்யும்.

நெல் சும்மா இருக்குமா?

பூஞ்சையோட உடம்புச் சுவர் கைட்டின். நெல்லு பதிலுக்கு கைட்டினேஸை அனுப்பி அதை உடைக்குது. உடைஞ்ச துண்டுகள்தான் செடிக்கு அலாரம். ஆனா, நம்மாளு ஒரு புரதத்தை அனுப்பி அந்தத் துண்டுகளை முன்னாடியே அமுக்கிடறார்னு 2012-ல் கண்டுபிடிச்சாங்க. அலாரம் ஒயரையே கட் பண்ற டெக்னிக்!

பஞ்சர் போடும் மருந்து

குலைநோய்க்குத் தெளிக்கிற டிரைசைக்ளசோல் பூஞ்சையை நேரடியா கொல்றதில்லை. மெலனின் தயாரிக்கிற ஒரு என்சைமை மட்டும் தடுக்குது. பூச்சு இல்லைன்னா குமிழ்ல பிரஷர் நிக்காது. டயர் பஞ்சர்!

அப்போ நிறைய தெளிச்சுடலாமே? அதான் முடியாது. ஐரோப்பிய யூனியன் 2017-ல் அரிசியில இந்த மருந்தோட எச்சத்துக்கான வரம்பைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமா குறைச்சுடுச்சு. பாஸ்மதி ஏற்றுமதியாளர்கள் ஆடிப் போயிட்டாங்க. மருந்து பூஞ்சையை நிறுத்தினாலும், அளவு மீறினா அரிசியே கப்பல் ஏறாது.

லீவுக்கு ஊருக்குப் போறீங்களா?

* யூரியாவை ஒரே தடவையில கொட்ட வேண்டாம்னு வீட்ல சொல்லுங்க. தழைச்சத்து அதிகமானா குலைநோய்க்குக் கொண்டாட்டம். பிரிச்சுப் பிரிச்சுப் போடணும்.

* விதைக்கும் முன்னாடி கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலக்கலாம். பயிரோட எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் நல்ல பாக்டீரியா இது.

* வரப்புல இருக்கிற புல்லை அகற்றணும். திருடன் பதுங்குற இடமே அதுதான்.

* ராத்திரி குளிரும் பனியும் இருக்கிற நாள்ல காலையில ஒரு ரவுண்டு போய் இலையைப் பாருங்க. கண் வடிவப் புள்ளி தெரிஞ்சா, உடனே வேளாண் விரிவாக்க மையத்துல கேளுங்க. மருந்துக் கடைக்காரர் சொல்ற அளவை மட்டும் நம்ப வேண்டாம்.

பயோடெக், கெமிக்கல் ஃப்ரெண்ட்ஸ்... ப்ராஜெக்ட் டாபிக் தேடி அலையறீங்களா? எச்சம் வைக்காம, ஸ்பேர் சாவி அத்தனையையும் சேர்த்துப் பூட்டுற ஒரு பூட்டு இன்னும் வேணும். கண்டுபிடிக்கிறவங்களுக்கு டெல்டாவே கடன்பட்டிருக்கும்!