பெட்டிக்குள் மறையும் உருண்டை

தில்லியில் குடியேறிய நம்மவர்க்குக் கம்பளி ஆடைகளைப் பேணுவது புதிதாகக் கற்ற கலை. பங்குனியில் ரஜாயையும் ஸ்வெட்டரையும் டிரங்குப் பெட்டியில் அடுக்கி, இடையிடையே அந்துருண்டைகளைப் போடுகிறோம். ஐப்பசியில் திறந்து பார்த்தால், நெல்லிக்காயளவு இருந்த உருண்டை மிளகாய்ச் சிறுத்திருக்கிறது. ஈரமுமில்லை, கறையுமில்லை. எங்கே போயிற்று?

திடப்பொருள் நீர்மமாகாமல் நேரே ஆவியாவதைப் பதங்கமாதல் என்பர். உருண்டையிலுள்ள நாப்தலீன் உருகுவதற்கு 80 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆயினும் அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதில்லை. சாதாரண வெப்பத்திலேயே மேற்பரப்பினின்று கழன்று காற்றில் கலக்கின்றன. வெப்பம் ஏற ஏற இது விரைவுபடும். தில்லிக் கோடையைச் சொல்லவும் வேண்டுமோ! பூசைக் கற்பூரம் திறந்த கிண்ணத்தில் குறைந்துபோவதும் இவ்வாறே.

கம்பளியைத் தின்னும் அந்துப்புழுவை மாய்ப்பது அந்த ஆவிதான். ஆனால் அது கம்பளியிலும் தங்கிவிடுகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, சோகையும் மஞ்சட்காமாலையும் உண்டாக்கக்கூடும். இக்குறை வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை.

ஆகவே கைக்குழந்தையின் துணிகளிடையே இவ்வுருண்டையை இடவே வேண்டாம். மற்றவற்றை, குளிர் வருமுன்பே எடுத்து, துவைக்கத்தக்கதைத் துவைத்து, ரஜாயை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் விரித்துவைப்போம். வெயிலின் சூட்டில் எஞ்சிய நாப்தலீனும் ஆவியாகிப் போய்விடும். வாடை அறவே நீங்கிய பிறகே குழந்தையை அதில் போர்த்தலாம்.