கண்ணில் படும் மேலங்கி

தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்பவரைத் தூரத்திலேயே கண்டால்தான் சாரதி ஊதி எச்சரிக்க முடியும். இதற்காகவே 1964இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், மின்சாரப் புகையிரதப் பாதையில் வேலை செய்தோருக்குப் பளிச்சிடும் செம்மஞ்சள் மேலங்கிகள் வழங்கப்பட்டன. அவற்றை 'மின்மினி' என்றே அழைத்தனர்.

அங்கியின் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, காணக்கூடிய நிறமாக வெளிவிடுகிறது. ஆதலால் மப்பான பகலிலும் அது பளிச்சிடும். இரவில் உதவுவது அதில் தைத்த வெள்ளிநிறப் பட்டியே. அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள், விளக்கொளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன.

எண்ணெயும் அழுக்கும் படிந்தால் இரண்டும் மங்கிவிடும். மங்கிய அங்கி பொய்யான நம்பிக்கையையே தரும். அதைக் கழுவிப் பேணுவது தொழிலாளியின் கடமை. பழுதானதை மாற்றிக் கொடுப்பது வேலை கொடுப்போரின் கடமை. அங்கி வண்டியை நிறுத்தாது. காவலுக்கு ஒருவர் நிற்கவே வேண்டும். உழைப்பவரின் உயிர் இறைவன் தந்தது என்பதை நாம் மறக்கலாகாது.