உங்களுக்குத் தெரியுமா? தம்புள்ளைத் தக்காளியின் ஸ்பானியப் பயணம்

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் லொறி லொறியாக வந்து குவியும் தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய மூன்றையும் 1505இல் போர்த்துக்கேயர் வருமுன் இலங்கையர் கண்டதில்லை. மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகு, ஸ்பானியக் கப்பல்கள் வழியாகவே அவை ஐரோப்பாவை எட்டின. மிளகாய் இலங்கைக்கு வரும்வரை நம் கறிகளுக்கு உறைப்பைத் தந்தது மிளகு.

ஸ்பெயினின் அந்தலூசியாவில் கோடை வந்தால் வீடுதோறும் கஸ்பாச்சோ: பழுத்த தக்காளி, வெள்ளரிக்காய், குடைமிளகாய், உள்ளி, ஊறிய பாண் எல்லாவற்றையும் ஒலிவ் எண்ணெயும் வினாகிரியும் விட்டு அரைத்து, அடுப்பில் ஏற்றாமலே குளிரக் குளிரக் குடிக்கிறார்கள். வெயிலுக்கு அருமையான உணவு. தம்புள்ளை வெயிலுக்கும் பொருந்தும்.

வலென்சியாவுக்கு அருகிலுள்ள புன்யோல் ஊரில் தக்காளிக்கென்றே திருவிழா உண்டு. 1945இல் இளைஞர்களின் கைகலப்பில் தொடங்கிய ‘தொமாத்தினா’ பின்னர் தடை செய்யப்பட்டது. ஊர்மக்கள் விடவில்லை. 1957இல் பெரிய தக்காளி ஒன்றைச் சவப்பெட்டியில் வைத்து, வாத்தியம் முழங்க இறுதி ஊர்வலம் நடத்தினார்கள், தடை நீங்கியது.

இன்றும் ஓகஸ்ட் கடைசிப் புதன்கிழமை ஒரு மணிநேரம் தெருவெல்லாம் தக்காளிச் சாறுதான். காயம் படாதிருக்க, பழத்தைக் கையால் நசுக்கிய பிறகே எறிய வேண்டும் என்பது விதி.