கியர்பாக்ஸ் இல்லாத காற்றாலையும் கணினிக் கணக்கும்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் செல்பவர்கள் முப்பந்தல் காற்றாலைகளைக் காணாமல் கடந்துவிட முடியாது. இன்றைய பெரிய காற்றாலையின் இறக்கைகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 20 முறை மட்டுமே சுற்றுகின்றன. ஆனால், வழக்கமான ஜெனரேட்டர், அதாவது மின்னாக்கி, நிமிடத்துக்கு 1,500 முறை அளவில் சுழல வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவது கியர்பாக்ஸ். வேகத்தை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கித் தரும் பற்சக்கரத் தொகுதி அது.

காற்றாலையில் அடிக்கடி பழுதாகும் உறுப்பு கியர்பாக்ஸ் அன்று. மின்சுற்றுகளும் மின்னணுப் பலகைகளும்தான் அடிக்கடி பழுதாகின்றன. ஆனால், கியர்பாக்ஸ் பழுதானால் ஆலை நீண்ட நாள் நின்றுவிடும். பல டன் எடையுள்ள அதைக் கோபுர உச்சியிலிருந்து இறக்கிப் புதியதை ஏற்ற ராட்சத கிரேன் வர வேண்டும். தமிழ்நாட்டில் காற்றாலை மின்சாரத்தின் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றில் கிடைக்கிறது. டிசம்பரில் பத்து நாள் நிற்பதும் ஜூலையில் பத்து நாள் நிற்பதும் நாள்கணக்கில் ஒன்று. வருவாய்க் கணக்கில் ஒன்றாகா. ஆண்டுச் சராசரியை மட்டும் காட்டும் அறிக்கைகளில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

கியர்பாக்ஸையே நீக்கி, இறக்கைகளின் அச்சிலேயே மின்னாக்கியைப் பொருத்துவது 'நேரடி இயக்க' முறை. ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் 1993-இல் இவ்வகைக் காற்றாலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீக்குவது எளிது; அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. திறன் என்பது திருப்புவிசையும் வேகமும் பெருக்கிய தொகை. வேகம் நூறில் ஒரு பங்காகும்போது, அதே திறனுக்குத் திருப்புவிசை நூறு மடங்காக வேண்டும். நிமிடத்துக்கு 15 முறை சுற்றும் 3 மெகாவாட் ஆலையில் அது சுமார் 19 லட்சம் நியூட்டன்-மீட்டர். மின்னாக்கியின் உருவத்தைத் தீர்மானிப்பது திறன் அன்று, இந்தத் திருப்புவிசையே. அதனால்தான் நேரடி இயக்க மின்னாக்கிகள் பல மீட்டர் விட்டமுள்ள வளையங்களாக அமைகின்றன. எனர்கானின் 7.5 மெகாவாட் ஆலையில் அந்த வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 12 மீட்டர்.

இத்தனை பெரிய வளையத்தில் சுழலும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் இடையே இருக்கும் காற்றிடைவெளி சில மில்லிமீட்டர்தான். விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொறியாளர்களின் வழக்கமான அளவு. இரு பகுதிகளையும் காந்தவிசை ஓயாமல் ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. அவை உரசாமல் காக்க எஃகுச் சட்டகம் வேண்டும். மின்சாரம் உண்டாக்கும் செம்பையும் காந்தத்தையும்விட அவற்றைத் தாங்கும் எஃகே பல வடிவமைப்புகளில் கூடுதல் எடை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே பொருந்தும்.

இப்படிப்பட்ட இயந்திரத்தை ஒவ்வொரு முறையும் செய்து பார்த்துத் திருத்த எந்த நிறுவனத்தாலும் இயலாது. ஆகவே முதலில் அது கணினியில் பிறக்கிறது. இயந்திரத்தின் குறுக்குவெட்டைப் பல்லாயிரம் சிறு முக்கோணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் காந்தப்புலத்தைக் கணக்கிடுகிறார்கள். வெப்பம் எங்கே தேங்கும், சட்டகம் எவ்வளவு வளையும் என்பவற்றுக்குத் தனித்தனி மாதிரிகள் உண்டு. திடீர்க் காற்றிலும் மின்தொகுப்பில் மின்னழுத்தம் சரியும் நொடியிலும் ஆலை எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பார்க்க, 1929-இல் ஆர்.எச். பார்க் வகுத்த கணித உருமாற்றம் இன்றும் பயன்படுகிறது. இம்மாதிரிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. வெப்பம் ஏறினால் செம்பின் மின்தடை கூடும், காந்தம் வலுவிழக்கும். அதே திருப்புவிசைக்கு மின்னோட்டம் மிகும். அதனால் வெப்பம் மேலும் ஏறும்.

பொருளியல் படித்தவனுக்கு 'மாதிரி' என்ற சொல் புதிதன்று. எந்த மாதிரியும் அதற்குள் இடும் விலைகளையும் அனுமானங்களையும் பொறுத்தே விடை தரும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்க் போலிண்டரும் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. 3 மெகாவாட் ஆலைக்கு ஐந்து வகை மின்னாக்கி அமைப்புகளை அவர்கள் கணக்கில் ஒப்பிட்டனர். நிலைக்காந்தம் பொருத்திய நேரடி இயக்க முறையே அதிக மின்சாரம் தந்தது. ஆனால், விலை கூடியது. மூன்றடுக்கு கியர்பாக்ஸ் கொண்ட பழைய முறை எடையிலும் விலையிலும் குறைவு. செலவுக்கு ஏற்ற மின்சாரம் என்று பார்த்தபோது, ஓரடுக்கு கியர்பாக்ஸ் கொண்ட இடைவழி ஒன்று முந்தியது. எனினும், பின்னாளில் கடலுக்குள் நிறுவப்பட்ட ஆலைகளில் நிலைக்காந்த நேரடி இயக்கம் முன்னணிக்கு வந்தது. கடலில் ஒரு பழுதைச் சரிசெய்யக் கப்பலும் அமைதியான வானிலையும் வேண்டும். அங்கே பராமரிப்புச் செலவு விலைப்பட்டியலை வென்றுவிடுகிறது.

இதனால் நேரடி இயக்கமே பழுதற்றது என்று முடிவுகட்டவும் கூடாது. ஜெர்மனி, டென்மார்க் ஆலைகளின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்த பேராசிரியர் பீட்டர் டேவ்னர் குழுவினர், நேரடி இயக்க ஆலைகளில் மின்னாக்கி, மின்மாற்றுக் கருவிகளின் பழுதுகள் கூடுதல் என்றும், கியர்பாக்ஸ் நீங்கியதால் கிடைத்த ஆதாயத்தை அவை விஞ்சிவிட்டன என்றும் கண்டனர். மின்னணுப் பழுதை விரைவில் சரிசெய்யலாம் என்பதே ஆறுதல்.

என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது காந்தம். நேரடி இயக்க ஆலையில் மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம் தேவை. 2010-இல் சீன-ஜப்பான் தீவுத் தகராறின்போது ஜப்பானுக்கு அரிய மண் தனிமங்களின் வரத்து தடைபட்டது. 2011-இல் விலை பல மடங்கு உயர்ந்தது. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்ட காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமக் கட்டுப்பாடு விதித்தபோது, நம் வாகனத் தொழிலும் திணறியது.

காந்தம் வெப்பத்தில் வலுவிழக்காமலிருக்கவே டிஸ்ப்ரோசியம் சேர்க்கப்படுகிறது. குளிர்விப்பு சிறப்பாக அமைந்தால் அதன் அளவைக் குறைக்கலாம். அதாவது, கணினியில் செய்யும் வெப்பக் கணக்கு துல்லியமானால், அயல்நாட்டு உரிமத்துக்குக் காத்திருக்கும் தேவை குறையும். வட ஐரோப்பாவின் குளிர்காற்றை அனுமானித்த மாதிரியை நம் ஊர் வெயிலுக்கு அப்படியே எடுத்தாள முடியாது. காந்தமே இன்றிச் செம்புச் சுருளால் காந்தப்புலம் உண்டாக்கும் வகையும் உண்டு. எனர்கான் நெடுங்காலம் அதைத்தான் செய்தது. எடை கூடும், ஆனால், செம்பு உலகில் பல நாடுகளில் கிடைக்கும்.

காந்த விலை இரு மடங்கானால், நான்கு மடங்கானால் எந்த வகை மலிவு? பழைய சிற்றாலைகளை அகற்றிப் பேராலைகளை நிறுவத் தமிழ்நாடு அரசு 2024-இல் கொள்கை வகுத்திருக்கும் நிலையில் இந்தக் கேள்வி உடனடியானது. புதிய ஆலைகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் நிற்கப்போகின்றன.

முப்பந்தல் இருக்கும் அதே கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் மணவாளக்குறிச்சி மணல் ஆலையும் இருக்கிறது. அந்த மணலின் மோனசைட்டில் நியோடிமியம் உண்டு. டிஸ்ப்ரோசியம் மிகச் சொற்பம். தோரியமும் உண்டு, கதிர்வீச்சு குறித்த கடலோர மக்களின் அச்சமும் எதிர்ப்பும் அதனால் எழுபவை. அந்தச் செலவு எந்த மின்னாக்கி மாதிரியின் விலைப்பட்டியலிலும் இல்லை. சென்னையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனமும் நம் பொறியியல் கல்லூரிகளும் இணைந்து, நமது காற்று, நமது வெப்பம், நமது கனிமம் ஆகியவற்றை உள்ளிட்ட மாதிரி ஒன்றை உருவாக்கி, அதன் அனுமானங்களோடு பொதுவெளியில் வைக்கலாம். அதற்காகும் செலவு ஒரே ஒரு பெரிய காற்றாலையின் விலையில் சிறு பங்குதான்.